அயர்ன் மெய்டனும் எங்கள் சபையும்

பெரம்பூர்க்காரன்:

சபையில் வளர்ந்த பிள்ளைகள் ராக் இசை கேட்ட கதையை இங்கே ஆளாளுக்கு எழுதுவதைப் பார்த்ததும் எனக்கும் கை அரிக்கிறது. என் கதையில் இசைக்குழு அயர்ன் மெய்டன், ஹெவி மெட்டல் என்கிற அதிரடி ராக் வாசிக்கும் இங்கிலாந்துக் குழு. சபை பெந்தெகொஸ்தே. காலம், தொண்ணூறுகளின் தொடக்கம்.

எங்கள் வீட்டில் சினிமாப் பாட்டுக்கு அனுமதியே கிடையாது. இளையராஜாவெல்லாம் பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக வந்தால்தான் உண்டு. ஆனால் இங்கிலீஷ் பாட்டு என்றால் ரயில்வேயில் வேலை பார்த்த அப்பாவுக்குத் தனி மரியாதை. பையனுக்கு இங்கிலீஷ் வந்துவிடும் என்று நம்பினார். அந்தச் சந்தில்தான் மெய்டன் நுழைந்தது.

கூடப் படித்த ஆங்கிலோ இந்தியப் பையன் ஒருவன் டிடிகே 90 கேசட்டில் பதிந்து கொடுத்தான். ஒரு பக்கம் 1982-ல் வந்த 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்', மறுபக்கம் அடுத்த வருட ஆல்பமான 'பீஸ் ஆஃப் மைண்ட்'. இரண்டாவது பக்கத்தில் இடம் போதாமல் கடைசிப் பாட்டின் வால் அறுந்திருக்கும். பாட்டு அப்படித்தான் முடிகிறது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அட்டைப்படம் இல்லாத கேசட் என்பதும் வசதியாகப் போயிற்று. மெய்டன் அட்டைகளில் எல்லாம் வரும் பிணம் மாதிரியான அந்த எட்டி பொம்மையை அம்மா பார்த்திருந்தால் அன்றைக்கே வீட்டில் உபவாச ஜெபம்தான்.

முதல் ஆல்பத்தின் தலைப்புப் பாட்டான பீஸ்ட் பாட்டைக் கேட்டவர்களுக்குத் தெரியும், முதலில் ஒரு கனத்த குரல் தனியாகப் பேசும். பாரி கிளேட்டன் என்ற ஆங்கில நடிகரின் குரல் அது. திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸைத்தான் முதலில் கேட்டார்களாம், அவர் சொன்ன சம்பளம் கட்டுப்படியாகவில்லை. இதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எனக்கு முதுகு சிலிர்த்தது வேறு காரணத்துக்காக. அந்த வார்த்தைகள் எனக்கு மனப்பாடம். 'அந்த மிருகத்தின் இலக்கத்தைப் புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன்', வெளிப்படுத்தின விசேஷம் 13:18. ஞாயிறு பள்ளியில் ஒப்பித்து டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிய பகுதி!

ஸ்கூலில் கிரிக்கெட் பேசுவார்கள், ரஜினி பேசுவார்கள். சாவு, நியாயத்தீர்ப்பு, நரகம் இதையெல்லாம் பேசியது எங்கள் பாஸ்டரும் மெய்டனும் மட்டும்தான். 'ஹேலோட் பி தை நேம்' என்று ஒரு பாட்டு. தலைப்பே பரமண்டல ஜெபத்தின் வரி. தூக்குக்குக் காத்திருக்கும் கைதி. மணி அடிக்கிறது, பாதிரியார் வருகிறார். சாவுக்குப் பயமில்லை என்று நினைத்தவனுக்கு உள்ளுக்குள் நடுங்குகிறது. ஏழு நிமிஷப் பாட்டு. அதைக் கேட்ட இரவுகளில் நான் முழங்கால் போட்டு ஜெபித்திருக்கிறேன். இதைச் சொன்னால் சபைக்காரர்களும் நம்புவதில்லை, மெட்டல் நண்பர்களும் நம்புவதில்லை.

அப்புறம் வாலிபர் முகாம். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் டேப்ரெக்கார்டரில் ராக் பாட்டுகளைத் தலைகீழாக ஓடவிட்டு, 'கேளுங்கள், பிசாசு கூப்பிடுகிறான்' என்றார். எங்களுக்குக் கேட்டதெல்லாம் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல ஏதோ. ஆனால் இருட்டில் நூறு பேர் அழுதுகொண்டிருக்கும்போது எல்லாமே கேட்கும். கடைசி இரவு கேசட்டுகளைக் குவித்து மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பிளாஸ்டிக் உருகும் நாற்றம், புழுப்போல் சுருளும் டேப். அமெரிக்காவில் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' ஆல்பத்தை வெளிவந்த வருடமே குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று அப்போது தெரியாது.

நான் கேசட்டைக் கொடுக்கவில்லை. எங்கள் சபை மூப்பர் ஒருவர் பக்கத்தில் வந்து கேட்டபோது, "இதுல வேத வசனம் இருக்குதுங்க ஐயா. வசனத்தை எரிக்கலாமா?" என்றேன். மடக்கிவிட்டதாகத்தான் எண்ணம். அவர் கோபப்படவே இல்லை. "பிசாசும் வசனம் பேசுவான், தம்பி. மத்தேயு நாலு படி" என்றார். தேவாலயத்து உப்பரிகையில் இயேசுவிடம் பிசாசு சங்கீதத்தை எடுத்துச் சொல்கிற இடம் அது. என்னிடம் பதில் இல்லை. உண்மையைச் சொன்னால் இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. தலைகீழ் டேப்பை விட நூறு மடங்கு கனமான வாதம் அது.

விஷயம் அப்பாவிடம் போயிற்று. அவர் மடியில் பைபிளை விரித்து வைத்துக்கொண்டு, "போடு" என்றார். அந்தக் குரல் பேசி முடித்ததும் நிறுத்தச் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார். மறுபடி போடச் சொன்னார். "முதல் வாக்கியம் பன்னிரண்டாம் அதிகாரம். அடுத்தது பதிமூணு. ரெண்டையும் ஒட்ட வெச்சிருக்கான்" என்றார். அவர் சொன்னது சரி. 12:12-ம் 13:18-ம் கலந்ததுதான் அது. பாட்டு தொடர்ந்தது. பாடகர் புரூஸ் டிக்கின்சன் அந்த நீண்ட அலறலை எடுத்ததும், "இவனுக்குத் தொண்டையில என்னடா கோளாறு?" என்று அணைத்துவிட்டார். கேசட் பீரோவுக்குள் போயிற்று, பரீட்சை முடியும்வரை. எரிக்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மறுபக்கத்து 'பீஸ் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தில் உண்மையிலேயே ஒரு தலைகீழ்ப் பேச்சு இருக்கிறது. சாத்தானியர்கள் என்று ஊர் தூற்றியதில் கடுப்பாகி வேண்டுமென்றே வைத்தது. டிரம்மர் நிக்கோ மெக்பிரெய்ன், இடி அமீன் மாதிரி குரலை மாற்றி, 'புரியாத விஷயத்தில் தலையிடாதே' என்கிற அர்த்தத்தில் ஏதோ உளறிவிட்டு ஒரு ஏப்பம் விடுவார். அவ்வளவுதான். எங்கள் ஊழியக்காரர் கையில் அது சிக்காமல் போனது யாருடைய கிருபையோ.

அதே நிக்கோ 1999-ல் ஃபுளோரிடாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபையில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். இதைச் சபையில் சாட்சியாகச் சொல்பவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மனிதர் மெய்டனை விடவில்லையே! 2024 டிசம்பரில் மேடையிலிருந்து ஓய்வு பெறும்வரை அங்கேதான் வாசித்தார், பீஸ்ட் பாட்டு உட்பட. எனக்குப் பிடித்தது அந்த மறுபாதிதான்.

2007 மார்ச் 17, சனிக்கிழமை. பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெய்டன் வந்து இறங்கியது. போகாமல் இருப்பேனா? 'ஃபியர் ஆஃப் தி டார்க்' பாட்டில் கிடார் வாசிப்பதையே கூட்டம் மொத்தமும் சேர்ந்து பாடியது, புழுதி பறக்க. ராத்திரி பஸ் பிடித்து, காலையில் குளித்துவிட்டு நேராக ஆராதனைக்குப் போனேன். தொண்டை சுத்தமாகக் கட்டியிருந்தது. பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. முன்வரிசை சிஸ்டர் ஒருவர் திரும்பி, "ராமுழுக்க ஜெபமா பிரதர்?" என்றார் கனிவாக. தலையை எப்படி வேண்டுமானாலும் புரிந்துகொள்கிற மாதிரி ஆட்டி வைத்தேன்.

தூத்துக்குடியிலிருந்து:

அண்ணே, உங்க அப்பாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

நாங்கள் கத்தோலிக்கர், எங்களிடம் எரிப்பெல்லாம் கிடையாது. எனக்கு வாய்த்தது பிளாக் சபாத் என்ற இன்னொரு இங்கிலாந்துக் குழு. பதினாறு வயதில் பயந்துபோய்ப் பாவசங்கீர்த்தனத்திலேயே சொல்லிவிட்டேன். உள்ளே இருந்த ஃபாதர், "அது என்னம்மா?" என்றார். இங்கிலீஷ் பாட்டு, சாமி, பிசாசு பற்றி வரும் என்றேன். "வீட்டில பெரியவங்க தூங்குற நேரம் சத்தத்தைக் குறைச்சு வை" என்று சொல்லி பரிகாரமாக மூன்று அருள் நிறை மரியே ஜெபம் கொடுத்தார்.

அந்தக் குழுவுக்குப் பெரும்பாலான வரிகளை எழுதிய கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளை. 1971 ஆல்பத்தில் கடவுளைக் கேலி செய்கிறவர்களையே திருப்பிக் கேட்கிற பாட்டு ஒன்று உண்டு. அவர்கள் கழுத்தில் போட்டிருந்த சிலுவைகளை முதலில் செய்து கொடுத்தது பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் அப்பா. அவர் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. முதல் ஆல்பத்தின் உள்ளட்டையில் இருந்த தலைகீழ்ச் சிலுவை கம்பெனிக்காரர்கள் வைத்தது, குழுவுக்கே அது பிடிக்கவில்லை. இதையெல்லாம் என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். "அப்போ கொஞ்சம் நல்லாப் பாடலாம்ல" என்பார்.

2025 ஜூலை 22-ல் ஆஸி போனார். எங்கள் பனிமய மாதா கோவில் கொடியேற்றத்துக்கு நாலு நாள் முந்தி. ஞானஸ்நானத்தில் வைத்த பெயரோ என்னவோ, ஆளுடைய இயற்பெயர் ஜான் மைக்கேல். அந்தப் பெயரில் ஆன்ம இளைப்பாற்றிக்கு ஒரு பூசை எழுதிக் கொடுத்தேன். ஆபீஸில் இருந்த அண்ணாச்சி, "ஜான் மைக்கேலா, எந்தத் தெரு?" என்று கேட்டார். பர்மிங்காம் என்றேன். "வெளிநாட்டுச் சொந்தமா?" என்றபடியே ரசீது போட்டுக் கொடுத்துவிட்டார்.