செமஸ்டர் நெருங்குகிறது, ஜப்பானிய மொழித் தேர்வை விட்டுவிடலாமா?

இரவுப்படகு கேட்கிறார்:

வணக்கம். எலெக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிப்ரவரியில் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறு மாலைகளில் இரண்டு மணி நேரம். ஜப்பானியத்தில் ஹிரகானா, கதகானா என்று இரண்டு ஒலியெழுத்து வரிசைகள். ஹிரகானா எழுத்துகள் பத்து நாளில் வந்துவிட்டன. கதகானாதான் ஒரு மாதம் இழுத்தது. ஷி எது, ட்சு எது என்று இன்றைக்கும் ஒரு நொடி நின்றுதான் பார்க்கிறேன். இரண்டிலும் இரண்டு சின்னக் கோடு, ஒரு நீளக் கோடு. நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறினால் ஷி, மேலிருந்து கீழே இறங்கினால் ட்சு. லேப் நோட்டின் ஓரமெல்லாம் இந்த இரண்டு எழுத்துகள்தான்.

ஜூலை வரை நன்றாகப் போனது. ஆகஸ்டில் புது செமஸ்டர் தொடங்கியதும் எல்லாம் சரிந்தது. வாரத்துக்கு மூன்று லேப், ஒவ்வொன்றுக்கும் ரிப்போர்ட், கூடவே ஒரு குழு புராஜெக்ட். மூன்று வகுப்புகளைத் தவறவிட்டேன். அதற்குள் அவர்கள் வினைச்சொற்களின் 'தே' வடிவத்துக்குப் போய்விட்டார்கள். போன வாரம் போய் உட்கார்ந்தேன், எதுவும் பிடிபடவில்லை. சொற்களை அட்டை அட்டையாக இடைவெளி விட்டுக் கேட்கும் ஆன்கி செயலியில் மறுபார்வைக்கு 640 அட்டைகள் நிற்கின்றன. அறைத்தோழன் தூங்கிய பிறகு பதினொன்றரை மணிக்குத் திறக்கிறேன், அந்த எண்ணைப் பார்க்கிறேன், மூடிவிடுகிறேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, அதில் தொடக்க நிலையான என்5. அது முடிந்து வரும் புதன்கிழமை செமஸ்டர் தேர்வு ஆரம்பம். இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. இதை இப்போதைக்கு நிறுத்திவிட்டு அடுத்த ஜூலையில் பார்க்கலாமா? நிறுத்தினால் கற்றதெல்லாம் போய்விடுமா? ஜப்பானிய மொழிக்கு 2200 மணி நேரம் தேவை என்று எங்கோ படித்தேன், அதிலிருந்து தூக்கமே இல்லை. எனக்கு இந்த மொழி மிகவும் பிடித்திருக்கிறது. அதனால்தான் முடிவெடுக்க முடியாமல் கேட்கிறேன்.

---

வடக்குச்சாளரம் எழுதுகிறார்:

தம்பி, முதலில் அந்த 640ஐத் தீர்ப்போம். மற்றதெல்லாம் அப்புறம்.

ஆன்கியை நிறுவியதும் நாளுக்கு 20 புது அட்டைகள் என்றுதான் அமைந்திருக்கும். கல்லூரிப் படிப்போடு சேர்த்துச் செய்கிறவருக்கு அது அதிகம். ஒரு புது அட்டை அன்றோடு முடிகிற வேலை இல்லை. நாளைக்கு வரும், மூன்று நாள் கழித்து வரும், பிறகு அடுத்த வாரம் வரும். தினம் இருபது சேர்த்துக்கொண்டே போனால் சில வாரங்களில் மறுபார்வை மட்டும் நாளுக்கு நூற்றைம்பதைத் தொடும். லேப் ரிப்போர்ட் உள்ள வாரத்தில் இரண்டு நாள் விட்டால் போதும், குவிந்துவிடும். எனக்கும் இப்படித்தான் குவிந்தது. சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தினம் சேர்க்கிற அளவே தவறு என்று தெரிந்தது.

இன்றைக்கே அமைப்புகளில் போய் புது அட்டைகளைப் பூஜ்யமாக்குங்கள். மறுபார்வைக்கு நாளொன்றுக்கு 60 என்று வரம்பு வையுங்கள். நாளையிலிருந்து திறந்ததும் கண்ணில் படும் எண் 60தான். பத்துப் பன்னிரண்டு நிமிட வேலை. புதிதாக எதுவும் சேராததால் மூன்று வாரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும்.

அடுத்தது, அந்தப் பதினொன்றரை மணி. நாள் முழுக்க உழைத்த மூளையிடம் அந்த நேரத்தில் போய்ப் புதுச் சொல்லைக் கேட்டால் அது என்ன செய்யும்? நான் நான்காண்டுகளும் செய்தது ஒன்றுதான். முதல் வகுப்புக்குப் பதினைந்து நிமிடம் முன்னால் போய், ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அட்டைகளை முடித்துவிடுவேன். வகுப்பறை காலியாக இருக்கும். மின்விசிறிகூட ஓடாது. அந்தப் பதினைந்து நிமிடத்தை வேறு எதற்கும் கொடுத்ததில்லை. தேர்வு வாரத்திலும் கொடுத்ததில்லை. நேரம் கிடைக்கும்போது படிக்கலாம் என்று இருந்த மாதங்களில் ஒரு நாள்கூட நேரம் கிடைக்கவில்லை.

'தே' வடிவத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்ச நேரம் நிற்க ஆசை, ஏனென்றால் தமிழ் பேசுகிறவர் இந்த இடத்தில் பயப்படவே வேண்டாம். அது நம் வினையெச்சம்தான். யோமு என்றால் படி. அதன் தே வடிவம் யோந்தே, அதாவது 'படித்து'. இனி பாருங்கள். மிரு என்றால் பார். யோந்தே மிரு என்றால் 'படித்துப் பார்', முயன்று பார் என்கிற அதே பொருளில். ஓக்கு என்றால் வை. யோந்தே ஓக்கு என்றால் 'படித்து வை', பின்னால் உதவும் என்று முன்கூட்டியே செய்துவைப்பது. இரு என்றால் அவர்களுக்கும் இரு! யோந்தே இரு என்றால் 'படித்துக்கொண்டிரு'. இந்த ஒலி ஒற்றுமை தற்செயலாகவே இருக்கலாம். ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார், மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அந்த விவாதம் எப்படியும் போகட்டும். வாக்கியம் கட்டுகிற முறை ஒத்துப்போகிறது என்பது நமக்குக் கையில் கிடைத்த வசதி.

முதல் முறை இதைக் கவனித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதிய விளக்கத்தை முக்கால் மணி நேரம் படித்தும் ஏறவில்லை. நோட்டில் ஜப்பானிய வாக்கியத்துக்குக் கீழே, சொல்லுக்குச் சொல் நேராகத் தமிழை எழுதினேன். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றவேண்டியிருக்கவில்லை. அப்புறம் எல்லாவற்றையும் அப்படியே எழுதத் தொடங்கினேன். கோரே, சோரே, ஆரே, தோரே என்றால் இது, உது, அது, எது. பேச்சில் பலர் விட்டுவிட்ட 'உது' அங்கே தினப்படி புழங்குகிறது, கேட்பவர் பக்கத்தில் இருக்கிற பொருளுக்கு. வாதாஷி மோ என்றால் நானும். தாரே கா என்றால் யாரோ. உங்கள் வகுப்பில் மற்றவர்கள் மனப்பாடம் செய்கிற பலதும் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

அந்த 2200 மணி நேரக் கணக்கைக் கேட்டு ஏன் தூக்கத்தை விடுகிறீர்கள்? அது அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சிக் கழகம் தன் அதிகாரிகளுக்குச் சொல்கிற வகுப்பு நேரம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் அலுவல் பார்க்கிற அளவுக்குத் தேற ஆகிற காலம். நீங்கள் எழுதப்போவது ஐந்து நிலைகளில் முதல் படி. காஞ்சி எனப்படும், சீனத்திலிருந்து வந்த சொல்லெழுத்துகளில் நமக்குச் சலுகை ஏதும் இல்லை, அதை மறைக்கமாட்டேன். ஆனால் இந்த நிலைக்கு ஏறக்குறைய நூறு எழுத்துகள் தெரிந்தால் போதும்.

கடைசியாக, நான் தோற்ற கதை. என்5க்கு அடுத்த படியான என்4 தேர்வில் முதல் முறை மொத்தம் 180க்கு 98 வாங்கினேன். தேர்ச்சிக்கு 90 போதும். ஆனாலும் தேர்ச்சி இல்லை. கேட்டல் பகுதியில் 60க்கு 17. அதில் தனியாக 19 வாங்கவேண்டும் என்பது விதி. முடிவுத் தாளில் அந்த 17ஐ நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. நேரமில்லாதவன் முதலில் வெட்டுவது கேட்பதைத்தான். புத்தகம் கண்முன்னே இருப்பதால் அதைப் படித்துவிடுவோம், ஒலிக்கோப்பை யாரும் எடுத்து வைப்பதில்லை. என்5க்கும் அதே 19தான். மொத்தத்தில் 80, மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120க்கு 38. எழுதிக்காட்டவோ பேசிக்காட்டவோ தேவையில்லை, எல்லாம் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். ஆகவே நடக்கும்போது, துணி மடிக்கும்போது, பழைய பாடங்களின் ஒலியை ஓடவிடுங்கள். புதியது வேண்டாம், முன்பே படித்த பாடமே போதும். ஒரே உரையாடலை ஒரு வாரம் கேளுங்கள்.

என் கருத்து, டிசம்பரில் எழுதுங்கள். கடைசி இரண்டு வாரம் செமஸ்டருக்கே கொடுத்துவிடுங்கள். அந்த நாட்களில் காலைப் பதினைந்து நிமிடமும் காதில் ஓடும் ஒலியும் மட்டும் இருக்கட்டும்.

---

பனிமூட்டம் எழுதுகிறார்:

மேலே சொன்னதோடு பாதி உடன்படுகிறேன். நான் செவிலியர் படிப்பு, பிரெஞ்சு கற்கிறேன். இரவுப் பணி இருந்த செமஸ்டரில் பதினைந்து நிமிடம் என்பதே எனக்கு இல்லை. காலை எட்டு மணிக்குத் திரும்பி வந்து காலணியோடு படுத்துத் தூங்கியிருக்கிறேன். அந்த நிலைமை உங்களுக்கு இருந்தால் நிறுத்துவதில் தப்பே இல்லை.

ஐந்து மாதம் நிறுத்தினேன். எல்லாம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். முதல் நாள் புத்தகத்தைத் திறந்தபோது, எத்ர், அவுவார் என்ற இரண்டு அடிப்படை வினைகள்கூடத் தடுமாறின. மூன்றாம் நாள் வந்துவிட்டன. முதலில் கற்க மூன்று வாரம் ஆன பகுதி, இரண்டாம் முறை ஐந்து நாளில் முடிந்தது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்மேலேயே சோதனை செய்து இதை எழுதியிருக்கிறார். மறந்ததாகத் தோன்றுவதை மறுபடி கற்கும்போது முதல் முறையைவிடக் குறைந்த நேரமே பிடிக்கிறது. நாளாக நாளாக எவ்வளவு மறக்கிறோம் என்று அவர் காட்டிய மறதி வளைகோட்டை எல்லோரும் சொல்கிறார்கள், இந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை. உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இதுதான்: போகாது.

ஒன்றே ஒன்று. நான் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டேன். ஆசிரியை இரண்டு முறை செய்தி அனுப்பினார், வெட்கத்தில் பதில் போடவில்லை. திரும்பப் போகிற தேதியும் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் என்று நினைத்தது ஐந்தானது அதனால்தான். நிறுத்துவதாக இருந்தால் திரும்புகிற தேதியை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். தொடர்வதாக இருந்தாலும் தவறிய மூன்று வகுப்புகளைப் பற்றி அவரிடம் வாய்திறந்து கேளுங்கள். கேட்டால் சொல்லிக்கொடுக்காத ஆசிரியர் குறைவு.

---

ஆறாம்விரல் எழுதுகிறார்:

ஜெர்மன் கற்கிறவன் என்ற முறையில் சின்னக் குறிப்பு. எங்கள் இடைநிலைத் தேர்வான பி1ஐ, ஜெர்மன் மொழி கற்பிக்கும் கெத்தே நிறுவனத்தில் வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு என்று நான்காகப் பிரித்துத் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் 60 விழுக்காடு எடுத்தால் சரி. செமஸ்டர் நடுவே இரண்டு, விடுமுறையில் இரண்டு என்று முடித்தேன். உங்கள் தேர்வில் அந்த வசதி இல்லை, ஒரே நாளில் எல்லாம். ஆனால் என்5 மொத்தமே ஒன்றரை மணி நேரம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு ஒன்றை கடிகாரம் வைத்து எழுதிப் பாருங்கள். 80க்குப் பக்கத்தில் வந்தால் எழுதுங்கள், 50கூடத் தேறாவிட்டால் ஜூலைக்குத் தள்ளுங்கள். ஊகத்தில் முடிவு எடுக்காதீர்கள். சில ஊர்களில் வருடத்துக்கு ஒரு முறைதான் நடத்துகிறார்கள், அதனால் உங்கள் மையத்தில் ஜூலைத் தேர்வு உண்டா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

இரவுப்படகு மீண்டும் எழுதுகிறார் (பத்து நாள் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. நேரம் எடுத்து இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஆசிரியரிடம் பேசினேன். சனிக்கிழமை வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னால் வரச்சொன்னார். தே வடிவத்தை அப்போது முடித்தோம். வினை மு, பு, நு என்று முடிந்தால் 'ந்தே' என்றும், கு என்று முடிந்தால் 'இதே' என்றும் மாறும் என்று பலகையில் எழுதினார். நான் பக்கத்தில் படித்து, நடந்து, ஓடி என்று எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். எங்கள் மொழியிலும் இப்படி வகைவகையாக மாறும், ஆனால் விதி தெரியாமலே சொல்லிவிடுகிறோம் என்றேன். இன்னும் நான்கைந்து எழுதிக்காட்டச் சொன்னார்.

ஞாயிறு மாதிரித் தேர்வு எழுதினேன். விடைகளை வைத்து நானே போட்ட கணக்கில் சுமார் 71. கேட்டல்தான் மோசம், பாதிகூடச் சரியில்லை. ஆனாலும் 71 என்பது 80க்குப் பக்கம்தான் என்பதால் டிசம்பரில் எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன், காதில் ஒலி ஓடுகிறது. அட்டைகள் 640லிருந்து 290க்கு வந்திருக்கின்றன. காலை பதினைந்து நிமிடத்தில் இரண்டு நாள் தவறியது, இரண்டுமே புராஜெக்ட் நாட்கள்.

வடக்குச்சாளரத்திடம் ஒரு கேள்வி. யோந்தே ஷிமாவ் என்று ஒன்று வருகிறதே, அது நம் 'படித்துவிடு'வா, 'படித்துத் தொலை'யா? நேற்றுக் கேட்ட உரையாடலில் அந்தப் பெண் பேருந்தில் பையை மறந்துவிட்டதைச் சொல்லும்போது அந்த வினையைத்தான் சொன்னாள், குரலில் வருத்தம் தெரிந்தது.

---

வடக்குச்சாளரம் எழுதுகிறார்:

இரண்டுக்கும் இடம் உண்டு தம்பி. வேலையை முழுதாக முடித்தாலும் ஷிமாவ், நடக்கக்கூடாதது நடந்துபோனாலும் ஷிமாவ். 'மறந்துவிட்டேன்' என்று நாம் சொல்லும்போதும் அந்த 'விட்டேன்' இரண்டு வேலையும் செய்கிறது இல்லையா? நீங்கள் குரலை வைத்தே வருத்தத்தைப் பிடித்திருக்கிறீர்கள். அந்த உரையாடலை இன்னும் நான்கு நாள் மாற்றாமல் கேளுங்கள்.