சாமுவேல் ஃபோசோ தன்னையே எடுத்த படங்கள்: இதில் சோதனை எங்கே இருக்கிறது?

மலர்_விஸ்காம்:
விஸ்காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செமினாருக்கு எனக்கு வந்த பெயர் சாமுவேல் ஃபோசோ. 1962-இல் கேமரூனில் பிறந்தார், நைஜீரியாவில் வளர்ந்தார், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில் 13 வயதிலேயே ஸ்டூடியோ வைத்தார் என்பதெல்லாம் எழுதிவிட்டேன். ஆனால் 1970களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களில் பெல்ஸ் பேன்ட் போட்டுக்கொண்டு திரைச்சீலைக்கு முன்னால் நிற்கிறார், அவ்வளவுதான். என் பெரியப்பா ஆல்பத்திலும் இப்படி நாலு படம் இருக்கிறது. இதை எப்படிச் சோதனை முயற்சி என்கிறார்கள்?

சும்மா_பார்ப்பவன்:
செல்ஃபிக்குத் தாத்தா என்று எழுதிவிட்டு உட்காருங்கள். மார்க் வந்துவிடும்.

பழைய_ஸ்டூடியோ:
அம்மா, அதை எழுதிவிடாதீர்கள். டிஜிட்டல் வரும்வரை ஸ்டூடியோ நடத்தியவன் நான். அந்தப் படங்களில் என் கண்ணுக்கு முதலில் படுவது ரோல் கணக்கு. 120 என்ற அகலமான ஃபிலிம் ரோலில் சதுரமாக எடுத்தால் 12 படம். காலையில் இரண்டு பாஸ்போர்ட், மதியம் ஒரு குடும்பம், சாயங்காலம் கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் அனுப்பும் படம் ஒன்று. எல்லோருக்கும் நாளைக்கே வேண்டும். ரோலை முடிக்காமல் கழுவ மனசு வராது. நாங்கள் லைட் டெஸ்ட் என்று சொல்லிக் கடைப் பையனை உட்காரவைத்து ரோலை முடிப்போம். ஃபோசோ கடையை மூடிய பிறகு, மிச்ச ஃபிலிமில் தன்னை எடுத்தார். நைஜீரியாவில் இருந்த பாட்டிக்கு, நான் நன்றாக இருக்கிறேன் என்று காட்ட அனுப்புவார். நைஜீரியாவின் உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போரைச் சின்ன வயதில் பார்த்த பையன், பாட்டிக்குக் கவலை இருக்காதா?

உங்கள் பெரியப்பா காசு கொடுத்தார், போட்டோக்காரர் முகவாயைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். ஃபோசோவுக்கு இரவில் காசு கொடுப்பவரும் இல்லை, நிற்கச் சொல்பவரும் இல்லை. அதே அறையில் ஒரு நாள் பாடகர் மாதிரி, இன்னொரு நாள் வெறும் ஜட்டியோடு. வாடிக்கையாளர் ஒருவர்கூட அப்படிக் கேட்டிருக்க மாட்டார். சோதனை என்றால் அதுதான். 1994-இல் மாலியின் பமாகோவில் நடந்த முதல் புகைப்படத் திருவிழாவில்தான் இவை வெளி உலகத்துக்குத் தெரியவந்தன.

மலர்_விஸ்காம்:
நன்றி ஐயா. அவரே முன்னால் நின்றால் கிளிக் செய்தது யார்? அப்புறம், 2008-இல் எடுத்த ‘ஆப்பிரிக்கன் ஸ்பிரிட்ஸ்’ வரிசையையும் சேர்க்கலாமா?

பழைய_ஸ்டூடியோ:
செல்ஃப் டைமர்தான். நிற்கப்போகும் இடத்தில் ஒரு ஸ்டூலை வைத்து ஃபோகஸ் பார்க்க வேண்டும், தரையில் சாக்பீஸால் கோடு போட வேண்டும், லீவரைத் தள்ளிவிட்டு ஓடிப்போய்க் கோட்டில் நிற்க வேண்டும். ‘விர்ர்’ என்று சத்தம் ஓடும்போது முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். எப்படி வந்தது என்பது கழுவினால்தான் தெரியும். போன் திரையில் முகத்தைப் பார்த்துக்கொண்டே எடுப்பதோடு இதைச் சேர்க்காதீர்கள்.

2008 வரிசை எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கைதான மார்ட்டின் லூதர் கிங், உடம்பில் அம்பு தைத்த முகமது அலி என்று பெரிய தலைகளாக வேடம் கட்டியிருக்கிறார். எல்லாம் சுத்தமான வேலை. எனக்கு அந்தப் பழைய திரைச்சீலைதான் பிடிக்கும்.

பெங்களூர்வாசி:
சாரோடு இதில் ஒத்துப்போக முடியவில்லை. கிங்கின் கைது படம் போலீஸ் எடுத்தது. அதே எண் பலகையை மாட்டிக்கொண்டு இன்னொருவர் தானாக வந்து நிற்கும்போது, அந்த முதல் படத்தை எடுத்தது யார் என்ற கேள்வி வருகிறது. இங்கே பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலாவும் இதைச் செய்தார். 2000 முதல் 2004 வரை புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, ரவிவர்மாவின் லட்சுமியாக, சாட்டை பிடித்த ஜெயலலிதாவின் சினிமா ஸ்டில்லாக, ஆளை அளக்கக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிற்கும் ‘பழங்குடிப் பெண்’ணாக. வேடம் எவ்வளவு சுத்தமோ அவ்வளவுக்குக் கேள்வியும் உறைக்கும்.

பழைய_ஸ்டூடியோ:
சரி, புஷ்பமாலாவுக்கு அது பொருந்தும். ஃபோசோ விஷயத்தில் என் கட்சி மாறாது.

மலர், 2014-ஐயும் விடாதீர்கள். பாங்கியில் கலவரத்தின்போது அவர் வீடு சூறையாடப்பட்டு நெகட்டிவெல்லாம் வெளியே சிதறிக் கிடந்தது. செய்திக்காகப் போயிருந்த புகைப்படக்காரர்கள் பார்த்து, பொறுக்கி எடுத்துக் காப்பாற்றினார்கள். ஸ்லைடில் போடும்போது சதுரப் படத்தை அகலமாக வெட்டிவிடாதீர்கள், பூட்ஸ் போய்விடும்.