எச்சரிக்கைத் தாளுக்கு உலர்பனிக்கட்டி போதாது: 'கரிவாயுக்கட்டி' என்ற முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

'Dry ice' எனப்படும் திண்மக் காபனீரொட்சைட்டுக்கு (கார்பன் டை ஆக்சைடு) வழங்கும் 'உலர்பனிக்கட்டி' என்ற சொல்லை மாற்றத் தேவையில்லை என்பது நம் கலைச்சொல் குழுவில் உங்களில் பலரது கருத்து. பாடநூலைப் பொறுத்தவரை எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் கொழும்பில் இப்பொருள் அடைத்த பெட்டிகளை ஏற்றி இறக்குவோர் படிக்க வேண்டிய மும்மொழி எச்சரிக்கைத் தாளுக்கு அச்சொல் போதாது. பனிக்கட்டி என்று வாசிப்பவர் நீரைத்தான் நினைப்பார்; ஈரமும் இல்லையென்றால் அஞ்ச என்ன இருக்கிறது என்றே எண்ணுவார். 'Dry ice' என்ற மூலப்பெயரும் இரசாயனவியலாளர் ஆய்ந்து வைத்ததன்று. 1925இல் அமெரிக்க நிறுவனமொன்று வணிகக் குறியாகப் பதிந்துகொண்ட பெயர். விற்பனைக்காக வைத்த பெயரைத்தான் எச்சரிக்கைக்கும் ஆள வேண்டும் என்ற கட்டாயம் நமக்கில்லை.

இது திண்ம நிலையிலுள்ள காபனீரொட்சைட்டு. வளிமண்டல அமுக்கத்தில் −78.5 பாகை செல்சியசில் உருகாமல் நேரே வாயுவாகிறது. அதன் திரவத்தைக் காண வேண்டுமானால் வளிமண்டல அமுக்கத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் அமுக்கம் வேண்டும். அன்றாடப் பயன்கள் பெரும்பாலானவை இந்த ஒரு பண்பையே நம்பியிருக்கின்றன. ஐஸ்கிறீம் பொதியும் ஆய்வுகூட மாதிரியும் நனையாமல் போய்ச் சேர்வது அதனால்தான். 2021இல் பைசர் தடுப்பூசி உலகெங்கும் இக்கட்டி நிரப்பிய பெட்டிகளில் அனுப்பப்பட்டதற்கு முதன்மைக் காரணம் இதன் கடுங்குளிர். தொழிற்சாலை அச்சுகளில் படிந்த அழுக்கை இதன் சிறுமணிகளை வேகமாக வீசி அகற்றும்போது மணல் வீச்சில் போல மணலோ, நீர் பாய்ச்சுவதில் போல ஈரமோ மிஞ்சுவதில்லை. பெயர்ந்த அழுக்கை மட்டும் கூட்டி அள்ளினால் போதும். திருமண மண்டபத்தில் மணமக்களின் காலடியில் தவழும் வெண்புகையைக் காபனீரொட்சைட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது, வெந்நீரில் இட்ட கட்டியின் குளிரால் ஒடுங்கிய நீர்த்துளிகள். வாயு கண்ணுக்குத் தெரியாது. வளியைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானதால் அதுவும் தாழ்வான இடத்திலேயே தேங்கும்.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. ஒரு கிலோகிராம் கட்டி 500 லீற்றருக்கும் மேற்பட்ட வாயுவாக விரிகிறது. இறுக மூடிய போத்தலில் போட்டால் போத்தல் வெடிக்கும். யன்னல் கண்ணாடிகளை மூடிவிட்டு ஓட்டும் வான் வண்டியில் வைத்தால் ஓட்டுநருக்குத் தலைவலியும் மூச்சிரைப்பும் வரும். செறிவு மிகுந்தால் நினைவும் உயிரும் போகலாம். வெறுங்கையால் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகும் என்பது பலருக்கும் தெரியும். வாயுவைப் பற்றித்தான் தெரிவதில்லை. ஆகவே எச்சரிக்கைச் சொல்லில் வாயு இடம்பெற வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

குழுவில் வந்த 'பதங்கக்கட்டி' அழகான சொல்தான். ஆயினும் கற்பூரமும் அயடீனும்கூடப் பதங்கமாகின்றன, அதாவது உருகாமல் நேரே வாயுவாகின்றன. பள்ளியில் இரசாயனவியல் படிக்காதவருக்கு அச்சொல் எதையும் உணர்த்தாது. 'வளிக்கட்டி' தமிழகத்தாருக்குப் பொருந்தலாம். இலங்கைப் பாடநூல்களிலோ வளி என்பது நாம் மூச்சுவிடும் காற்று. மூச்சை அடைக்கக்கூடிய பொருளுக்கு அப்பெயரைச் சூட்டுவது தவறான திசையில் இட்டுச் செல்லும். 'காபன்கட்டி' என்றால் அடுப்புக்கரி என்று கொள்வார்கள்.

எனவே 'கரிவாயுக்கட்டி' என்பதை முன்வைக்கிறேன். கரியமிலவாயு என்ற பழைய வழக்கு இரு கரையிலும் அறியப்பட்டதாகையால், முதன்முறை படிப்பவரும் பொருளை ஊகித்துவிடுவார். காபனோரொட்சைட்டும் (கார்பன் மோனாக்சைடு) கரிவாயு ஆகாதா என்ற வினா நியாயமானதே. அதற்காகத் தாளில் பெரிய எழுத்தில் 'கரிவாயுக்கட்டி' என்றும், அதன் கீழே 'திண்மக் காபனீரொட்சைட்டு' என்றும் இரு வரிகளாக அச்சிடலாம். விமானப் பொதிகளில் ஆபத்தான பொருளை அடையாளங்காட்ட இதற்குரிய ஐநா எண்ணான 1845உம் இரண்டாம் வரியில் சேரட்டும்.

சிறுமணி வீச்சுத் துப்புரவுக்கு 'கரிவாயுமணி வீச்சு' என்று சொல்லலாமா, அல்லது அந்தத் தொழிலில் 'உலர்பனி வீச்சு' என்றே விட்டுவிடலாமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.