மாவுப்பூச்சி என்று நினைத்து நான் கொன்றது: பொறிவண்டு அனுபவங்கள்

கம்பம்_பந்தல்

பொறிவண்டை விலைக்கு வாங்கி விட்டவர்களும், தானாக வந்ததைக் கண்டவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். இரண்டு ஆண்டுகள் ஆகியும் மனத்தை விட்டுப் போகாத ஒன்று என்னிடம் இருப்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுடையது ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கவாத்து முடிந்து பிஞ்சு பிடித்த நேரத்தில் ஓரத்து வரிசைகளில் மாவுப்பூச்சி ஏறியது. மாவுப்பூச்சியைத் தின்னும் கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டுகளை வரவழைத்து, பூச்சி இருந்த கொடிகளுக்கு மட்டும் கொடிக்குப் பத்து என்ற கணக்கில் வெயில் தாழ்ந்த பிறகு விட்டேன். கறுப்பு முதுகு, ஆரஞ்சு நிறத் தலை என்பதற்கு மேல் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது வண்டுகள் கண்ணில் படவே இல்லை. மாவுப்பூச்சியோ முன்பைவிட மூன்று மடங்கு பெருத்து, உடம்பெல்லாம் வெள்ளை நூல் தொங்க, குலைக்குக் குலை நின்றது. கொடுத்த பணம் போயிற்று என்ற ஆத்திரத்தில் மறுநாள் காலையிலேயே மருந்து அடித்தேன். கடைசி வரிசையில் மூன்று கொடிகள் பாக்கி இருக்கும்போது டேங்க் காலியாகிவிட்டது.

பந்தலடியில் குலை பார்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் கையை நீட்டிக்கொண்டு வந்து, "மாவுப்பூச்சி இம்புட்டு வெரசா ஓடுமாண்ணே?" என்று கேட்டார். அவர் உள்ளங்கையில் இருந்த அந்த வெள்ளைப் பொருள் மணிக்கட்டைத் தாண்டி, கண்ணாடி வளையலுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வந்தது. விரலால் மாவைத் தள்ளிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிற உடம்பும் ஆறு கால்களும் இருந்தன, வாயில் பாதி தின்ற மாவுப்பூச்சி ஒன்று இருந்தது. நான் விட்ட வண்டுகளின் குஞ்சுகளைத்தான் வரிசை வரிசையாக நனைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தப் புழு அவர் கையிலேயே இரண்டு முறை புரண்டு நின்றுபோனது.

கரிசல்_பருத்தி

என்னுடையது காசு கொடுத்து வாங்கிய வண்டு அல்ல, தானாக வந்தது. மானாவாரிப் பருத்தி, வரப்போரம் தட்டைப்பயறு போட்டிருந்தோம். கார்த்திகையில் தட்டைப்பயற்றின் கொழுந்திலும் காய்க்காம்பிலும் கறுப்பாக அசுவினி அப்பிக்கொண்டது. அதற்குள் முதலைக்குட்டி போல நீண்ட, கறுத்த உடம்பில் ஆரஞ்சுத் திட்டு உள்ள புழுக்கள் நடமாடின.

ஒரு காலை, வரப்பில் குந்தி உட்கார்ந்து ஒரே ஒரு புழுவை மட்டும் பார்த்தேன். அது அசுவினி ஒன்றைக் கவ்வி, தண்டுக்குள் சொருகியிருந்த அதன் அலகு உருவி வரும் வரை இழுத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டது. அசுவினியின் ஆறு கால்களும் அந்தரத்தில் ஆடின. அதன் பின்பக்கத்துக் குழல் இரண்டிலும் ஒவ்வொரு துளி பளபளத்தது; உடனே பக்கத்திலிருந்த நாலைந்து அசுவினிகள் தங்கள் அலகை உருவிக்கொண்டு விலகின, மற்றவை அசையவே இல்லை. கொண்டுபோன தேநீர் ஆறுவதற்குள் பதினொன்று எண்ணினேன்.

அன்றே மருந்து வேண்டாம் என்று முடிவு செய்தேன். என் மாமனார், "நாலு புழுவை நம்பியா மாப்பிள்ளை வெள்ளாமை வைக்கிறது?" என்றார். நான்காம் நாள் பலத்த மழை. மழை விட்டுப் பார்த்தபோது அசுவினி பெரும்பாலும் இல்லை. மழைதான் கழுவியது என்று அவர் இன்றும் சொல்கிறார், புழுதான் தின்றது என்று நானும் சொல்கிறேன். அந்த மழை இரண்டு வாரம் தள்ளிப் பெய்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு கார்த்திகையிலும் தோன்றுகிறது.

எருக்கு

நான் உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருப்பவன். கம்பத்துக்காரர் அறியாமல் செய்தார், நான் அறிந்தே செய்தேன்.

ஒரு வெண்டைக்காரர் தண்ணீர்ப் பாட்டிலில் நான்கைந்து இலைகளையும் இருபது புழுக்களையும் போட்டுக் கொண்டுவந்து, இலையெல்லாம் இது ஏறிவிட்டது, நல்லதாக ஒன்று கொடுங்கள் என்றார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, அத்தனையும் பொறிவண்டின் புழு. கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள், அவருக்குப் பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் பணத்தை எடுத்து மேசையில் வைத்துவிட்டார், நானும் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பாட்டிலை அவர் விட்டுச் சென்றார். மதியம் கடைக்குப் பின்னால் போய், மஞ்சள் அசுவினி மொய்த்திருந்த எருக்கஞ்செடியில் அந்த இருபதையும் கொட்டினேன். ஒரு வாரத்தில் எருக்கிலையின் அடியில் கூட்டுப்புழுக்கள் வால்பக்கம் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. அவரைத் தேடிப் போய்ச் சொல்லியிருக்கலாம், போகவில்லை.

வீட்டுத்தோட்டம்_திருச்சி

கம்பத்துக்காரருக்கு நேர்மாறானது என் கதை. புள்ளி வைத்த வண்டெல்லாம் நன்மை செய்யும் பூச்சி என்று எங்கோ படித்திருந்தேன். பக்கத்து வீட்டு மணத்தக்காளியில் புள்ளி வண்டுகளைக் கண்டதும், பன்னிரண்டைத் தீப்பெட்டியில் பிடித்துவந்து, அசுவினி இருந்த என் கத்தரிச் செடிகளில் பெருமையுடன் விட்டேன். பத்தே நாளில் இலைகள் சல்லடையாகின. பச்சையம் முழுவதும் சுரண்டப்பட்டு, நரம்பு மட்டும் ஏணிப்படி போல நின்றது. அடியில் முள் முளைத்த மஞ்சள் புழுக்கள் இருந்தன. அசுவினி மட்டும் சுகமாக இருந்தது.

என் மகள் ஒரு வண்டைக் கண்ணாடிக் குவளையில் கவிழ்த்து, ஒரு சிறகில் 14, மறுசிறகில் 14 என்று எண்ணி, "அப்பா, 28" என்று ஒப்பித்ததுதான் கண்ணுக்குள் நிற்கிறது. பிற்பாடுதான் அது எபிலாக்னா என்றும், பொறிவண்டுக் குடும்பத்திலேயே பிறந்து இலை தின்னும் பங்காளி என்றும் தெரிந்துகொண்டேன். அசுவினி தின்னும் புள்ளி வண்டின் முதுகு பெரும்பாலும் எண்ணெய் தடவியது போல மின்னும். இதன் முதுகில் மெல்லிய மயிர் இருப்பதால் துணி போல மங்கித் தெரியும். புள்ளியை எண்ணுவதைவிட இது எளிது.

ஓய்வு_விரிவாக்கம்

கடைக்காரரின் வெளிப்படையான பேச்சை மதிக்கிறேன். ஆனால் வரிசையையும் பேருந்தையும் காரணமாகச் சொல்வதை ஏற்க முடியவில்லை. "இது நல்ல புழு, நாளை வாருங்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கரிசல் நண்பருக்கும் ஒன்று: மழையா புழுவா என்று அறிய வேண்டுமானால், அசுவினி உள்ள ஒரு கிளையை மெல்லிய வலைத்துணியால் மூடி, வண்டு நுழையாமல் கட்டிவிட்டிருக்க வேண்டும். துணிக்குள்ளும் மழை நனைக்கும். உள்ளே அசுவினி மிஞ்சி வெளியே இல்லாமல் போனால் புழுவின் கணக்குத் தெரிந்துவிடும்.

என் அனுபவம் சுருக்கமானது. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியபோது, ஒரு கூட்டத்தில் மேடையேறி, கிரிப்டோலேமஸை விடுங்கள், அது பார்த்துக்கொள்ளும் என்று வாக்குக் கொடுத்தேன். அது பார்த்துக்கொள்ளவில்லை. வண்டுகள் தின்றன, ஆனால் பூச்சி பெருகிய வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. கடைசியில் 2010-இல் போர்ட்டோரிகோவிலிருந்து தருவிக்கப்பட்ட அசிரோபேகஸ் பப்பாயே என்ற, எறும்பைவிடச் சிறிய குளவிதான் காப்பாற்றியது. அதற்குள் மரங்களை வெட்டிவிட்ட ஒருவர் எதிரில் வந்தபோது, நான் சாலையின் மறுபக்கம் போனேன்.

இதனால் வண்டு பயனற்றது என்று பொருளல்ல, எந்தப் பூச்சிக்கு எது என்பதுதான் கேள்வி. ஆஸ்திரேலியாவிலிருந்து ரொடோலியா என்ற சிவப்புப் பொறிவண்டைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய், 1888-89-இல் ஆரஞ்சுத் தோட்டங்களைப் பஞ்சுச் செதில்பூச்சியிடமிருந்து மீட்டார்கள். அதே வண்டு பின்னர் நம் நீலகிரியில் சவுக்குப் போல வளர்க்கப்பட்ட வாட்டில் மரங்களிலும் வேலை செய்தது. அது அந்த ஒரு வகைப் பூச்சியையே பெரிதும் நம்பி வாழ்வதால்தான் அவ்வளவு துல்லியமாகத் தேடிப் பிடித்தது. கிரிப்டோலேமஸ் 1898-இல் காப்பியின் பச்சைச் செதில்பூச்சிக்காக இந்தியாவுக்கு வந்தது. நிலைத்து நின்றதோ மாவுப்பூச்சியின் எதிரியாக. பூசணிக்காயில் மாவுப்பூச்சியை வளர்த்து, அதன்மேல் இந்த வண்டை விட்டுத்தான் இன்றும் பெருக்குகிறார்கள்.

வண்டு விடப் போகிறவர்கள், விடுவதற்கு முன்னும் பின்னும் மருந்தை நிறுத்த வேண்டும் என்பதை அறிவார்கள். ஆனால் விதைநேர்த்தியாகவோ வேர்வழியாகவோ கொடுத்த மருந்தும் சாற்றில் ஏறி, சாறு குடித்த அசுவினி வழியாகப் புழுவுக்குப் போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வேப்பெண்ணெய் இயற்கையானது என்பதால் தாராளமாக அடிக்கிறார்கள். அது இளம்புழுவின் தோலுரிப்பையும் கெடுக்கலாம் என்பதால், புழு நடமாடும் கிளைகளை விட்டுவிட்டு அடிப்பது நல்லது. பயிரில் முழுச் சுத்தம் எதிர்பார்க்கக் கூடாது. அசுவினியே இல்லாத செடியில் வண்டுக்கு முட்டையிட வேலை இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் எறும்பைக் கவனியுங்கள். தண்டைச் சுற்றிப் பிசின் பட்டை கட்டி எறும்பு ஏறுவதைத் தடுக்காமல் வண்டு விடுவது வீண்.

அவரைப்பந்தல்

ஐயா, உங்கள் அறிவுரை உங்கள் அனுபவத்தைவிட நான்கு மடங்கு நீளம், இருந்தாலும் படித்தேன். எறும்பைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் பிசின் பட்டை மரத்துக்குத்தான் பொருந்தும். என் அவரைக்கொடி சுவரிலும் கம்பியிலும் கொய்யாக் கிளையிலும் பத்து இடத்தில் தொட்டுக்கொண்டு படர்கிறது. எறும்புக்குப் பத்துப் பாலம்.

நான் பார்த்தது இதுதான். அவரைக் கொழுந்தில் கறுத்த அசுவினி, அதைச் சுற்றிக் காவலாக எறும்புகள்; அசுவினி கழிக்கும் தேன்துளிக்காக அவை மேய்ப்பர்கள் போல உலவிக்கொண்டிருந்தன. கோணல்மாணலான கறுப்புக் கோடு போட்ட ஒரு பொறிவண்டு பறந்து வந்து இறங்கியதும், ஓர் எறும்பு அதன் பின்காலைக் கவ்வியது. வண்டு கால்களையும் தலையையும் உள்ளே இழுத்து, ஆமை போல இலையோடு இலையாக ஒட்டிக்கொண்டது. எறும்பு விடவில்லை. சில நொடிகளில் வண்டின் கால் மூட்டிலிருந்து மஞ்சளாக ஒரு சொட்டு கசிந்தது. எறும்பு விலகிப் பின்வாங்கி, வாயை இலையில் மறுபடி மறுபடி தேய்த்தது. வெற்றி வண்டுக்கு என்று நினைத்த நேரத்தில் மேலும் மூன்று எறும்புகள் வந்தன. வண்டு பிடியை விட்டு நேராகக் கீழே விழுந்தது. நான் பொறுக்கி எடுத்து எறும்பில்லாத கிளையில் விட்டேன், விரலில் அந்த மஞ்சள் கறை கசப்பு நெடியோடு குளிக்கும் வரை இருந்தது. வண்டு அங்கே ஒரு நிமிடம் கூட நிற்காமல் சுவரைத் தாண்டிப் பறந்துவிட்டது. அந்த அசுவினியை நான் மறுநாள் தண்ணீர்க் குழாயால் அடித்துத்தான் கழுவினேன்.

எருக்கு

ஓய்வு_விரிவாக்கம் ஐயாவுக்கு: ஒரு வாக்கியம் சொல்ல ஐந்து நொடி போதும், ஒப்புக்கொள்கிறேன். நாளை வாருங்கள் என்றால் அடுத்த கடைக்குப் போவார், அதையும் நீங்கள் அறிவீர்கள். இப்போது மேசையில் கண்ணாடிப் புட்டி ஒன்றில் பொறிவண்டின் புழுவும் கூட்டுப்புழுவும் வைத்திருக்கிறேன். வாரத்துக்கு ஒருவராவது, "இதுக்கு என்ன மருந்து?" என்று அதைக் காட்டிக் கேட்கிறார்.

கரிசல்_பருத்தி

வலைத்துணி யோசனைக்கு நன்றி ஐயா. மாமனாரிடம் சொன்னேன். துணிக்குள் காற்று புகாமல் அசுவினி கூடும், அதை நீ உன் பக்கம் எழுதிக்கொள்வாய் என்கிறார்.

கம்பம்_பந்தல்

மருந்து படாத அந்த மூன்று கொடிகள் என்னவாயின என்று இருவர் தனியாகக் கேட்டிருந்தார்கள். அவற்றில் புழுக்கள் மேலும் பத்து நாள் இருந்தன. பிறகு காய்ந்த பட்டைக்கு அடியிலும் இலைச் சுருளிலும் போய் ஒண்டி, அந்த வெள்ளை நூலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாயின. ஒரு நாள் ஆரஞ்சுத் தலை ஒன்று வெளியே எட்டிப் பார்த்தது. அந்தக் கொடிகளில் மாவுப்பூச்சி இருந்த இடத்தில் வெறும் பஞ்சு மட்டும் தொங்கியது. ஆனால் குலைகளில் அதற்கு முன்பே கரும்பூஞ்சணம் ஏறியிருந்ததால் வியாபாரி அவற்றையும் கழித்துவிட்டார்.

இந்த ஆண்டும் வண்டு வாங்கினேன். விட்ட கொடிகளில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறேன். மருந்து அடிக்க வரும் தம்பி, எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று கேட்டான்.