முழங்கை நீளாத பையன் ஆஃப் ஸ்பின் போடலாமா? முரளி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வெண்ணாற்றுக்காரன்:
அக்கா மகன், ஒன்பதாவது படிக்கிறான். பிறந்ததிலிருந்தே வலது முழங்கை முழுசாக நீளாது, ஆனால் பந்து நன்றாகத் திரும்பும். சம்பா அறுத்த பிறகு உளுந்து தெளிக்காத வயலாகப் பார்த்து வெட்டிச் சமன் செய்து ஆடுகிற கூட்டம்தான் இவர்களும். போன வாரம் நீடாமங்கலம் பக்கம் ஒரு டென்னிஸ் பால் தொடரில் அம்பயர் நோ-பால் நோ-பால் என்று கையை நீட்டிக்கொண்டே இருந்தார், சுற்றி நின்றவர்கள் 'மாங்கா, மாங்கா' (பந்தை வீசாமல் எறிகிறான் என்று கிண்டல்) என்று கத்தினார்கள். பையன் இப்போது பந்தையே தொடமாட்டேன் என்கிறான். இலங்கைச் சுழல் பந்து வீச்சாளர் முரளிதரனுக்கும் இதேதானே பிரச்சினை? அவரை எப்படி அனுமதித்தார்கள்?

குடமுருட்டி:
அண்ணே, கை மடங்கியிருப்பது குற்றமே இல்லை. வீசும்போது தோள் உயரத்துக்குக் கை வந்ததிலிருந்து பந்து விடுபடும் வரை முழங்கை எவ்வளவு நிமிர்கிறது என்பதுதான் கணக்கு. மடங்கினது மடங்கினபடியே வந்தால் அது சரியான பந்து. முரளிக்குப் பிறவியிலேயே முழங்கை நிமிராது, அதோடு மணிக்கட்டும் தோளும் சுழல்கிற வேகத்தில் எறிவது மாதிரியே தெரியும். 1995 பாக்ஸிங் டே டெஸ்டில் மெல்போர்னில் அம்பயர் டாரல் ஹேர் ஏழு தடவை நோ-பால் கொடுத்தார், முனை மாற்றிப் போட்டதும் அந்தப் பக்கம் நின்ற அம்பயர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதமே பிரிஸ்பேனில் இன்னொரு அம்பயர் ராஸ் எமர்சனும் கொடுத்தார். முரளி லெக் பிரேக் (மணிக்கட்டால் திருப்புவது, அதில் எறிவதே கடினம்) போட்டுப் பார்த்தார், அதற்கும் நோ-பால்! அதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது?

அரசலாறு:
எல்லாம் சரி, தூஸ்ரா (ஆஃப் ஸ்பின் மாதிரியே போட்டு எதிர்ப்பக்கம் திருப்பும் பந்து) கதையையும் சொல்லுங்கள். 2004-இல் பெர்த்தில் முழங்கை நிமிர்வதை அளந்தபோது ஏறக்குறைய 14 டிகிரி வந்தது, அப்போது சுழலுக்கு 5 டிகிரிதான் வரம்பு. அடுத்த வருஷமே எல்லோருக்கும் 15 என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

குடமுருட்டி:
உறுத்தட்டும். ஆனால் அதிவேகக் கேமராவில் பார்த்தபோது, சுத்தமான ஆக்‌ஷன் என்று நாம் நம்பிய வேகப்பந்து வீச்சாளர்களும் கொஞ்சமாவது நிமிர்த்துவது தெரிந்தது, பழைய வரம்பைப் பிடித்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதே 2004-இல் முரளி கையில் இரும்புப் பட்டை கட்டிக்கொண்டு, முழங்கை அசையவே முடியாத நிலையில், தூஸ்ரா உட்படப் போட்டுக் காட்டினார். அதையும் பாருங்கள்.

மன்னை மாமா:
தம்பிகளா, சண்டை அப்புறம். பையனிடம் இதைச் சொல்லுங்கள்: முரளி கண்டியில் பள்ளியில் ஆடும்போது முதலில் மிதவேகம்தான், 14 வயதுவாக்கில் பயிற்சியாளர் சொல்லித்தான் ஆஃப் ஸ்பின்னுக்கு மாறினார். அவ்வளவு ஏச்சு வாங்கியும் 133 டெஸ்டில் 800 விக்கெட், ஒருநாளில் 534. 1998 ஓவலில் இங்கிலாந்தை ஒரே டெஸ்டில் 16 பேர் எடுத்தார். 2010 காலியில், இதுதான் கடைசி டெஸ்ட் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு 792 விக்கெட்டோடு இறங்கினார். எட்டாவது ஆள் நம்ம ஓஜா, ஸ்லிப்பில் ஜெயவர்த்தனே பிடித்தார். இந்தியா தோற்ற ஆட்டம்தான், ஆனாலும் அன்றைக்கு எனக்கு வருத்தமே வரவில்லை.

வெண்ணாற்றுக்காரன்:
நன்றி மாமா. அம்பயரிடம் இதை எப்படிப் பேசுவது?

குடமுருட்டி:
பக்கவாட்டில் நின்று போனில் ஸ்லோ மோஷன் எடுங்கள். டிகிரி எல்லாம் அதில் வராது, ஆனால் கை மடங்கியே வருகிறதா, கடைசியில் வெட்டி நிமிர்கிறதா என்று ஓரளவு தெரியும். டாஸ் போடும் முன்பே கேப்டன் போய்க் காட்டட்டும், நீங்கள் போகாதீர்கள். 1999-இல் அடிலெய்டில் எமர்சன் மறுபடி நோ-பால் கொடுத்தபோது இலங்கை கேப்டன் ரணதுங்கா அணியையே எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போனார். நம்ம ஊரில் அந்த அளவுக்கு வேண்டாம், பரிசுப் பணத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.