3,64,000 ஆண்டில் கண்: கணினி எங்கே வந்தது?

கணக்குப்பிள்ளை:
பக்கத்துத் திரியில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "1994இல் நில்சனும் பெல்கரும் கணினியிலேயே கண்ணை வளர்த்துக் காட்டிவிட்டார்கள், 3,64,000 ஆண்டு போதும்." எரிச்சலாக இருக்கிறது. கண் பரிணமிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று அந்த உயிரியலாளர்கள் இருவரும் எழுதிய கட்டுரையில், கணினியில் ஓட்டிப் பார்க்கும் உருவகப்படுத்தலே கிடையாது. ஒளி உணரும் தட்டைப் பரப்பிலிருந்து மீன் கண் வரையுள்ள வழியை, 1 சதவீத மாற்றங்களாக 1,829 படிகளாக்கினார்கள். தலைமுறைக்கு 0.005 சதவீதம் மாறும் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். படித்துவிட்டு எழுதுங்கள்.

மெல்லநட:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். உயிரியல் எழுத்தாளர் டாகின்ஸே அதைக் கணினி மாதிரி (model) என்றுதான் எழுதினார். அவரைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமோ?

கணக்குப்பிள்ளை:
யார் எழுதினாலும் இல்லாதது இல்லாததுதான். கணினி இல்லை.

பாறைப்படிவு:
கணினி கிடக்கட்டும். தொல்லுயிரியலாளர்கள் எல்ட்ரெஜும் கூல்டும் 1972இலேயே சொன்னார்கள்: பாறையிலுள்ள புதைபடிவங்களில் இனங்கள் நெடுங்காலம் மாறாமல் நிற்கின்றன, பிறகு சட்டென்று புது இனம். சதவீதக் கணக்குக்காரர்கள் ட்ரைலோபைட் (அழிந்துபோன கடல் உயிரி) புதைபடிவங்களின் பக்கமே வருவதில்லை.

மெல்லநட:
அந்தச் "சட்டென்று" ஆயிரக்கணக்கான ஆண்டு, ஐயா! நியூமன், கோஹன், கிப்னிஸ் மூவரும் 1985இல் நேச்சர் இதழில் காட்டியது என்ன? சின்னச் சின்ன மாற்றங்களை மட்டும் வைத்த சமன்பாட்டிலேயே ஓர் இனத்தின் கூட்டம் ஒரு தகுதி உச்சியில், அதாவது எந்தச் சின்ன மாற்றமும் தகுதியைக் குறைக்கும் நிலையில், நெடுங்காலம் நிற்கும். அடுத்த உச்சிக்குத் தாண்டும்போது சீக்கிரம் தாண்டிவிடும். கூட்டம் பெரிதானால் காத்திருப்பு பல மடங்கு நீளும், தாண்டும் நேரம் அவ்வளவாக நீளாது. உங்கள் பாறையில் தெரிவதும் படிப்படிதான்.

பாறைப்படிவு:
அதில் எத்தனை உச்சி என்பதை நீங்களே வைத்துக்கொள்கிறீர்கள். பாறை அப்படி யாரையும் கேட்டு நடக்காது.

கணக்குப்பிள்ளை:
1985இன் சமன்பாட்டு மாதிரி நல்ல மாதிரிதான். என் கேள்வி 1994. அதில் கணினி உருவகப்படுத்தல் இருந்ததா? ஆம், இல்லை என்று பதில் வரட்டும்.

தேன்சிட்டு:
இன்னொன்று. அந்த 3,64,000 தலைமுறைக் கணக்கு. ஒரு தலைமுறைக்கு ஓராண்டு என்று வைத்தால்தான் ஆண்டு. தலைப்பிலேயே கணக்குப்பிள்ளை சார் அதைக் கவனிக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
தலைப்பு அவர் சொன்னது, நான் சொன்னதல்ல. பரிணாம வேகத்தை அளக்க உயிரியலாளர் ஹால்டேன் வைத்த "டார்வின்" அலகுக்கு, பத்து லட்சம் ஆண்டில் 10 மடங்கு என்று எழுதியவர் நீங்கள்தானே? e (சுமார் 2.718) மடங்கு என்று திருத்தியது நான். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை போல.

தேன்சிட்டு:
அது தட்டச்சுப் பிழை. அதையே எத்தனை திரியில் இழுப்பீர்கள்?

மெல்லநட:
பார்த்தீர்களா, எல்லாரையும் இப்படித்தான். சரி, உருவகப்படுத்தல் என்ற சொல்லை எடுத்துவிட்டாலும் 1,829 படி அப்படியே நிற்கிறது. ஒவ்வொரு படியிலும் பார்வைக் கூர்மை கூடுகிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
ஒவ்வொரு படிக்கும் வேண்டிய மாறுபாடு கூட்டத்தில் தயாராக இருக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். வைத்துக்கொண்டதை நிரூபணம் என்று விற்காதீர்கள். அப்புறம், நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை: கணினி எங்கே?

பாறைப்படிவு:
ட்ரைலோபைட்டுக்கும் பதில் வரவில்லை.