ஞாயித்துக்கிழமை ஏற்காடு, மாருதி 800 ஏறுமா?

பிரபு: சித்தப்பா, 800 இழுக்கவே மாட்டேங்குது. ரோட்ல பரவால்ல, கோரிமேடு தாண்டி ஏத்தம் வந்தா படுத்துக்குது. மெக்கானிக், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடற கார்புரேட்டரே மாத்தணுங்கறார். ஞாயித்துக்கிழமை நிச்சயத்துக்கு அப்பாயிய எப்படி மேல கூட்டிட்டுப் போறது?

கோரிமேடு அத்தை: வேன் சொல்லிரலாம்னு அன்னைக்கே சொன்னேன்

பெரியப்பா: அந்த வண்டிய அப்பவே வித்திருக்கணும்

கோரிமேடு அத்தை: வித்திருந்தா பங்குக்கு ஒரு பஞ்சாயத்து வந்திருக்கும் 😄

அம்மாபேட்டை சித்தப்பா: கார்புரேட்டர்ல கை வைக்காதே. மிதிச்சா இன்ஜின் சத்தம் எகிறி வண்டி மட்டும் நகராம இருக்கா, இல்ல இன்ஜினே திணறுதா?

பிரபு: இன்ஜினே முக்குது சித்தப்பா

அம்மாபேட்டை சித்தப்பா: அப்ப கிளட்ச் இல்ல. கிளட்ச் தேஞ்சா சத்தம் மட்டும் ஏறும், கருகின வாடையும் வரும். கொஞ்சதூரம் பிரேக் அதிகம் போடாம ஓட்டி நிறுத்து. நாலு சக்கரத்துப் பக்கமும் கையக் கொண்டுபோ, தொட்டுராதே. ஒண்ணு மட்டும் கொதிச்சா பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

அடுத்தது இன்ஜின அணைச்சிட்டு யாரையாவது ஆக்ஸிலரேட்டர் பெடல முழுசா மிதிக்கச் சொல்லு. கார்புரேட்டர்ல கேபிள் இழுக்கற லீவர் கடைசி வரைக்கும் போய் முட்டணும். கேபிள் தொங்கினாலும், பெடலுக்கடியில மேட் மடிஞ்சிருந்தாலும் பாதிதான் திறக்கும். ஏர் ஃபில்டரக் கழட்டினா காத்த அடைக்கற சோக் தகடு தெரியும், சூடான இன்ஜின்ல அது நெட்டுக்குத்தா நிக்கணும்.

பெரியம்மா: நிச்சயத்துக்குப் பூ யார் வாங்கறீங்க?

பெரியப்பா: பூ இருக்கட்டும். முதல்ல வண்டிக்கு எஃப்.சி. இருக்கா? அடிவாரத்துல செக்போஸ்ட்ல நிறுத்துவாங்க

பிரபு: இருக்குங்க பெரியப்பா. சித்தப்பா, பிரேக், லீவர், சோக் மூணும் சரி. ஏத்தத்துல ஓட்டிட்டு வந்து, ஆறினப்புறம் ஸ்பார்க் பிளக்கும் கழட்டினேன். மூணும் வெள்ளையா இருக்கு

அம்மாபேட்டை சித்தப்பா: கறுப்பா கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் அதிகம்னு அர்த்தம். வெள்ளைன்னா பத்தல. சமதரையில ஓடி ஏத்தத்துல படுக்கறதும் அதுக்குத்தான் ஒத்துவருது. இன்ஜின் ஆறினப்புறம் பொறி வராம காயில் வயரக் கழட்டிட்டு, கார்புரேட்டருக்கு வர ஹோஸ ஒரு பாட்டில்ல விட்டு செல்ஃப் அடி. பக்கத்துல பீடி, சிகரெட் ஆகாது. பீச்சிப் பீச்சி வரணும்.

பிரபு: சொட்டு சொட்டாத்தான் வருது

அம்மாபேட்டை சித்தப்பா: முதல்ல பெட்ரோல் ஃபில்டர மாத்து, அம்புக்குறி பம்பு பக்கம் பாக்கணும். அதுக்கப்புறமும் சொட்டினா டேங்க்ல இருந்து பம்பு வரைக்கும் ரப்பர் ஹோஸ வளைச்சு வளைச்சுப் பாரு. அந்தப் பக்கம் பம்பு உறிஞ்சற பக்கம். முடி அளவு வெடிப்பு இருந்தாலும் வெளிய ஒரு சொட்டு ஒழுகாது, காத்த மட்டும் இழுத்துக்கும். அதனாலதான் மெக்கானிக் கண்ணுக்கே தப்பும். ஹோஸும் நல்லா இருந்தாத்தான் பம்புக்குள்ள இருக்கற டயஃப்ரம், அதாவது ரப்பர் சவ்வு, மேல சந்தேகப்படணும்.

கோரிமேடு அத்தை: இதெல்லாம் செஞ்சா பழைய மாதிரி பறக்குமா?

அம்மாபேட்டை சித்தப்பா: பறக்காது. ஏற்காடு 1,500 மீட்டர், காத்து மெலிசு. நல்ல வண்டிக்கே அங்க ஏழுல ஒரு பங்கு பலம் குறையும். 20 கொண்டை ஊசியும் ரெண்டாவது கியர்லயே போ. ஏசி வேண்டாம். நாலு பேருக்கு மேல ஏத்தாதே.

பெரியம்மா: அப்ப நான் எதுல வரது?

கோரிமேடு அத்தை: அதுக்குத்தான் வேன்னு

பெரியப்பா: குப்பனூர் வழியா போனா?

பிரபு: பெரியப்பா, அதுவும் ஏத்தந்தான். ஃபில்டர் வாங்கப் போறேன்

கோரிமேடு அத்தை: வேன்காரர் கேக்கறார், சொல்லவா வேண்டாமா?

பெரியப்பா: சனிக்கிழமை பாத்துக்கலாம்

பெரியம்மா: பூ???